முளைத்தது தள்ளுபடி

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

பார்வதி டீச்சர். திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்துப் பெண். வயது இருபத்தெட்டு. கள்ளை நுரைக்க வைக்கும் ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர், ஒன்று எப்படி இரண்டாகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. நாலு வருஷமாக அதே ஆராய்ச்சி. (ரெண்டாகுறதுக்கே நாலு வருஷமா என்று என் மனைவி கேட்டாள்.)

மதராஸ் பேராசிரியர். காலை ரயிலில் தம்பானூரில் இறங்கி ரிக்ஷா பிடித்து வந்தவர். டீச்சரின் வேலை தொடரலாமா, போதுமா என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது.

தவளை சார். அடுத்த கட்டிடத்தில் தவளை அறுப்பவர். டீச்சரிடம் இருக்கிற மைக்ராஸ்கோப் தனக்கு வேண்டும் என்று மூன்று மனு போட்டவர். அன்று ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, கையோடு கொண்டுவந்திருந்தார். தீர்ப்பு வந்ததும் தூக்கிக்கொண்டு போக வசதி.

மைக்ராஸ்கோப். ஜெர்மன்காரன். ஆள் இல்லைதான். ஆனால் அறையில் அதிக மரியாதை அதற்குத்தான்.

நான். செல்லையா. அட்டெண்டர். தற்காலிகம்.

ஈஸ்ட் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில்தான் தகராறு.

அந்தத் தகராறுக்குக் காரணம் நான். இதை நாற்பது வருஷமாக வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். இனி நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்லும்போது ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்கிறார்கள். நான் இருந்தபடி சொல்வேன். இருந்தபடியே போதுமான அளவு கேவலம்தான்.

ராஜா காலம் முடிந்து, திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, எங்கள் நாஞ்சில்நாடு எந்தப் பக்கம் என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் நாகர்கோவில் பக்கம். மூன்றாம் வகுப்பு. பிழைப்பு தேடி வந்து, சாலைக் கம்போளம் என்ற சந்தையில் ஒரு தேங்காய்க் கிட்டங்கியில் (கிடங்கில்) பதினாலு வருஷம் தேங்காய் எண்ணினேன். இந்தக் கையில் ரெண்டு, அந்தக் கையில் மூன்று. ஒரு வீச்சுக்கு ஐந்து. மலை மாதிரி குவிந்து கிடக்கும். சாயங்காலத்துக்குள் எண்ணி முடிப்பேன். மறுநாள் வேறொருவன் எண்ணினால் அதே எண் வரும். கம்போளத்தில் எனக்கு அந்தப் பெயர் இருந்தது. உலகத்தில் வேறு எந்தப் பெயரும் இல்லை.

முதலாளிமார் அண்ணன் தம்பி. சண்டை வந்தது. கிட்டங்கியைப் பூட்டினார்கள். யாரோ சொல்லி, ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். ஆராய்ச்சிக்கூடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய வண்டிப்புரை. வண்டியை வெளியே தள்ளி, விஞ்ஞானத்தை உள்ளே தள்ளியிருந்தார்கள்.

குடுவை கழுவுவது என் வேலை. கழுவினேன்.

டீச்சருடைய வேலை எண்ணுவது. காலையில் ஈஸ்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார். பிறகு மணிக்கு ஒரு தடவை அதில் ஒரு சொட்டு எடுத்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எத்தனை என்று எழுதுவார். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. கண் சிவந்து நீர் வடியும். ஒரு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கம்போளத்தில் எண்ணுகிறவனாக இருந்தேன் என்று சொன்னேன். கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. தேங்காய்.

வேறு என்ன சொல்வது? உருண்டை உருண்டையாக, கட்டம் கட்டமாக, தேங்காய். பதினாலு வருஷம் வெளியே எண்ணியதை யாரோ சுருக்கிக் கண்ணாடிக்குள் போட்டு வைத்திருந்தார்கள்.

டீச்சர் சோதனை வைத்தார். முந்தின நாள் மிச்சம் இருந்த சொட்டு. நான் மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் ஒரே எண். டீச்சரும் எண்ணினார். அதே எண். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணுக்குத் தெரியறதை எல்லாம் எண்ணுங்கோ, அவ்வளவுதான் வேலை என்றார்.

எனக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். (அகம்பாவம். வேறு பேர் இல்லை.)

எண்ணுவதற்குச் சட்டம் உண்டு. கிட்டங்கியில் கைக்குழந்தைக்கும் தெரியும். சிறுசு ரெண்டு சேர்ந்தால் ஒன்று. முளை விட்டது தள்ளுபடி. அது விற்பனைக்கு ஆகாது, தனியாக எடுத்துப் போட வேண்டும். இதை டீச்சர் எனக்குச் சொல்லவில்லை. நானும் டீச்சருக்குச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்?

ஈஸ்ட் பெருகுவது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். தாயின் முதுகில் ஒரு முளை வரும். அது பெருத்துப் பிரிந்து தனி ஆளாகும். சர்க்கரைத் தண்ணீர் வைத்த கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் முளை விட்டுவிடுவார்கள். பார்த்தால் முளைத்த தேங்காய் தோற்றுப்போகும்.

நான் தள்ளினேன். அத்தனையையும் தள்ளினேன். டீச்சர் எந்தப் பிரசவத்தைப் பார்க்க நாலு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாரோ, அந்தப் பிரசவத்தைப் பதினோரு மாதம் மணிக்கு மணி பார்த்து, அழுகலோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். சோதனை வைத்த சொட்டு பழசு. பட்டினி கிடந்தது. அதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அதனால்தான் கணக்கு ஒத்தது.

இப்படியாக என் எண்கள் டீச்சரின் நோட்டில் ஏறின. காலை ஒன்பது மணிக்கு டீச்சர் தன் கையால் எண்ணுவார், நூறு சொச்சம் இருக்கும். அதன் பிறகு நான். பதினொரு மணிக்குத் தொண்ணூறு சொச்சம். மத்தியானம் வரை அதே கதை. சாயங்காலம் சர்க்கரை தீர்ந்து முளைப்பது நின்றதும் திடீரென்று எகிறும்.

டீச்சர் இதை யோசித்தார். ஒரு மாதம் யோசித்தார். பிறகு கண்டுபிடித்தார். திருவனந்தபுரத்து ஈஸ்ட் சாப்பிட்டவுடன் ஓய்வு எடுக்கிறது.

உலகத்தில் வேறு எந்த நாட்டு ஈஸ்டும் இப்படிச் செய்வதில்லையாம். எண்ணிக்கை ஏன் குறைகிறது என்பதற்கும் பதில் இருந்தது. ஓய்வு எடுப்பவை குடுவையின் அடியில் போய்ப் படுத்துவிடுகின்றன. முப்பது பக்கம் எழுதினார். படம் போட்டார். ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலையில் காப்பி பலகாரம் முடிந்ததும் ஒரு சாய்வு, மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் வேலை என்பது இங்கே எந்த ஆபீஸிலும் நடப்பதுதானே. ஈஸ்டும் சர்க்கார் உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முப்பது பக்கமும் மதராஸுக்குப் போயிற்று. அங்கே பேராசிரியர் படித்தார். நானே வந்து பார்க்கிறேன் என்று கடிதம் போட்டார்.

டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பேராசிரியர் நன்றாக எழுதினால் வேலை தொடரும். எழுதாவிட்டால் மைக்ராஸ்கோப் தவளைக்குப் போகும். மைக்ராஸ்கோப் இல்லாமல் ஈஸ்டைப் பார்ப்பது எப்படி? நாலு வருஷமும் அதோடு போகும். டீச்சர் என்னிடம் இதை ஒரே ஒரு தடவை சொன்னார்.

"அது போச்சுன்னா நான் ஆத்துல உக்காந்து வடாம் பிழியணும், செல்லையா. கேட்டேளா?"

கேட்டேன். என்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. செய்தேன். அது அடுத்த அனர்த்தம்.

கதவுக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர். அதில்தான் நான் கரியால் கோடு போட்டு வைப்பது. கம்போளப் பழக்கம். நல்லது ஐந்துக்கு ஒரு கோடு, மிச்சத்துக்குக் குட்டைக்கோடு. சிறுசுக்குப் புள்ளி. முளைத்ததற்குச் சுழி. மணிக்கு ஒரு வரி. கிட்டங்கியில் சாயங்காலம் முதலாளி வந்து, தள்ளினது எத்தனை என்று கேட்பார். சொல்ல வேண்டும். இங்கே யாரும் கேட்கவில்லை. நான் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். பதினோரு மாதத்தில் சுவர் தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை கறுத்துவிட்டது.

பெரிய மனுஷர் வருகிறார், சுவர் இப்படி இருக்கலாமா? முந்தின நாள் சுண்ணாம்பு கலக்கி, நானே வெள்ளையடித்தேன். கையிலிருந்த சுண்ணாம்பு ஒரு பூச்சுக்குத்தான் வந்தது. டீச்சர் வந்து பார்த்து, ரொம்ப நன்னாருக்கு என்றார். எனக்குப் பெருமை. வேலை நிரந்தரமாகும் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் பேராசிரியர் வந்தார். நரைத்த தலை, கறுப்புக் கோட்டு, அதிகம் பேசாத மனிதர். எனக்குப் பிடித்துவிட்டது. தவளை சார் பெட்டியோடு வந்து மூலையில் நின்றார். வைக்கோல் வாசனை அடித்தது.

ஒன்பது மணிக்கு டீச்சர் எண்ணினார். நூற்று ஆறு. பேராசிரியரும் எண்ணினார். நூற்று ஆறு. சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். பதினொரு மணி வரை டீச்சர் தன்னுடைய ஓய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேராசிரியர் தலையாட்டினார்.

பதினொரு மணிக்கு நான் எண்ணினேன். தொண்ணூற்று நாலு.

டீச்சர் பேராசிரியரைப் பார்த்தார். பார்த்தீர்களா, தூங்கப் போயாச்சு என்கிற மாதிரி.

பேராசிரியர் குனிந்து அதே கண்ணாடியை எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி (தன் மூக்குக் கண்ணாடியை), மறுபடி எண்ணினார். நிமிர்ந்தார்.

"இருநூற்றுப் பன்னிரண்டு" என்றார்.

டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து எண்ணினார். அவர் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. எழுந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. அவருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு.

பதினோரு மாதமும் யார் எண்ணியது என்று பேராசிரியர் கேட்டார். செல்லையாதான், நான் சோதித்துத்தான் சேர்த்தேன் என்று டீச்சர் சொன்னார். குரல் வரவில்லை.

தவளை சாருக்குக் குரல் வந்தது. "ஞான் அப்பவே பறஞ்சதாக்கும். இதொக்கெ வீட்டில இருந்து எழுதின கணக்கு. ஈஸ்ட் உறங்குதாம். நல்ல கதை." என்று சொல்லி, பெட்டியின் வைக்கோலைத் தட்டிச் சரிசெய்தார்.

பேராசிரியர் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் முப்பது பக்கம் கிடந்தது. எண் தப்பு என்பது ஒன்று. எண்ணை இட்டுக்கட்டிவிட்டாள் என்பது வேறு. அவர் இரண்டாவதைத்தான் யோசிக்கிறார் என்று எனக்கே புரிந்தது. அவர் வாயைத் திறந்து கேட்டேவிட்டார்: "நீயா எழுதினதாம்மா இது?"

நான் அதுவரை என் எண் சரி என்று நின்றுகொண்டிருந்தேன். பெரிய மனுஷருக்குக் கண் மங்கல் என்று நினைத்தேன். ஆனால் டீச்சர் இட்டுக்கட்டியது இல்லை என்று சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

"நான் எண்ணினது சார். தொண்ணூற்றி நாலுதான். நீங்க முளைச்சதையும் சேர்த்துட்டீங்க."

பேராசிரியர் திரும்பினார். "முளைச்சதுன்னா?"

"முளை விட்டது சார். எண்ணப்பிடாது. அது தள்ளுபடி. சிறுசு ரெண்டு சேர்ந்தா ஒண்ணு."

தவளை சார் வைக்கோலைத் தட்டுவதை நிறுத்தினார்.

"எந்த ஊர் சட்டம் இது?"

"சாலைக் கம்போளம் சார். தேங்காய்க்கு."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம்.

பேராசிரியர் என் அருகே வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"தள்ளினது எத்தனை?"

பதினோரு மாதமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவன் நான். "முளைச்சது அம்பத்தாறு. சிறுசு பன்னிரண்டு. நல்லது எண்பத்தெட்டு" என்றேன், முதலாளியிடம் சொல்வதுபோல.

அவர் கோட்டுப் பையிலிருந்து பென்சில் எடுத்து முப்பது பக்கத்தின் மேலேயே கணக்குப் போட்டார். முளைத்தது தாய் ஒன்று, பிள்ளை ஒன்று, நூற்றுப் பன்னிரண்டு. சிறுசு பன்னிரண்டு. நல்லது எண்பத்தெட்டு. கூட்டினால் இருநூற்றுப் பன்னிரண்டு. காலையில் இருந்த நூற்று ஆறுக்குச் சரியாக இரட்டிப்பு. உலகத்து ஈஸ்ட் எல்லாம் செய்வதைத்தான் இதுவும் செய்திருக்கிறது.

"இது தூக்கம் இல்லேம்மா. பிரசவ ஆஸ்பத்திரி" என்றார்.

டீச்சர் அழவில்லை. "முப்பது பக்கம் எழுதிட்டேனே சார்" என்று மட்டும் சொன்னார்.

"கிழிச்சுடு. இன்னிக்குக் கணக்கு சரியாப் போச்சு. பதினோரு மாசத்துக்கு எங்கே போறது? தள்ளினதை எழுதி வச்சவா யாரு?"

நான் உற்சாகமாகச் சுவரைக் காட்டத் திரும்பினேன்.

வெள்ளை. பளீரென்று வெள்ளை. கதவிலிருந்து மூலை வரை ஒரு கறை கிடையாது. நான் அந்த அளவு நன்றாக வேறு எதையும் செய்ததில்லை.

என்ன என்று பேராசிரியர் கேட்டார். சுவரில் இருக்கிறது என்றேன். அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தவளை சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்பை நோக்கி இரண்டு அடி வைத்தார்.

வெள்ளையடித்தவனுக்கு ஒன்று தெரியும். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது அடியில் இருப்பது தெரியும். காய்ந்தால்தான் மறையும். மறுபடி நனைத்தால், ஒரு பூச்சுதான் என்றால், மறுபடி தெரியும். இதை நான் நிதானமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஒரு துணியை நனைத்து மெல்லத் துடைத்திருக்கலாம். குடுவை கழுவும் வாளி காலருகே நிறைந்து நின்றது. எடுத்து வீசினேன்.

ஒரு வீச்சுக்கு ஐந்து எண்ணின கை. வேகம் அதிகம்.

தண்ணீரில் பாதி சுவருக்குப் போயிற்று. மீதி சுவரில் அடித்துத் திரும்பி, நடுவில் நின்ற தவளை சார் மேல் சுண்ணாம்போடு விழுந்தது. இஸ்திரி போட்ட ஜிப்பா. தலை முதல் பெட்டி வரை வெள்ளை. வைக்கோலும் நனைந்தது. டீச்சர் எப்போது எழுந்தார் என்று தெரியாது. மைக்ராஸ்கோப்பைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். புடவை முதுகில் தண்ணீர் சொட்டியது. ஜெர்மன்காரன் மேல் ஒரு துளி இல்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் வரி வரியாக மேலே வந்தன. கோடு. புள்ளி. சுழி. மணிக்கு ஒரு வரி.

பேராசிரியர் தவளை சாரிடம் மன்னிப்புக் கேட்டு அவருடைய பெட்டியை வாங்கி, கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து சுவரைப் படித்தார். ஒவ்வொரு வரியும் எந்த நாள், எந்த மணி என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். சுவர் காய்ந்தது. நனைத்தேன். மறுபடி படித்தார். (இந்தத் தடவை துணியால்.) மத்தியானச் சாப்பாட்டையும் மறந்துவிட்டார். தவளை சார் துண்டு கேட்டு இரண்டு தடவை இருமினார். பிறகு போய்விட்டார்.

கடைசியில் பேராசிரியர் எழுந்து டீச்சரிடம் பேசினார். எத்தனை பேர் என்று எண்ணாத ஆராய்ச்சிக்காரன் கிடையாது. எந்த நேரத்தில் எத்தனை பேர் முளை விட்டிருக்கிறார்கள் என்று மணிக்கு மணி பதினோரு மாதம் தனியாக எழுதிவைத்தவனை அவர் பார்த்ததில்லையாம். இந்தச் சுவரைக் காகிதத்தில் எடு, ஓய்வைக் குப்பையில் போடு, மைக்ராஸ்கோப் இங்கேயே இருக்கட்டும். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

அவர் போனதும் டீச்சர் என்னிடம் ரொம்ப அமைதியாகக் கேட்டார். "தேங்காய் முளைச்சா அது ரெண்டாகப் போறதுன்னு உங்களுக்குத் தோணலையா, செல்லையா?"

"விக்க முடியாதுன்னுதான் தோணிச்சு டீச்சர்."

அவர் புது நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் தேதி போட்டார்.

ஒன்பது நாள் சுவரைப் படியெடுத்தோம். நான் நனைத்து வாசிப்பேன். டீச்சர் எழுதுவார். கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். மறுபடி நனைப்பேன். சுண்ணாம்பில் விரல் பத்தும் வெந்தது. அதை வைத்து எழுதியது பிறகு அச்சில் வந்தது. கடைசிப் பக்கத்தில் இங்கிலீஷில் என் பெயர் இருப்பதாக டீச்சர் விரல் வைத்துக் காட்டினார். எண்ணியதற்கு நன்றியாம். நனைத்ததற்கு ஒன்றும் போடவில்லை. என் வேலை இன்னும் ஆறு வருஷம் தற்காலிகமாகவே இருந்தது. தவளை சார் நாலாவது மனு போட்டார். அதில் என் பெயரும் இருந்தது. அந்த வருஷம் இரண்டு காகிதத்தில் பெயர் வந்த அட்டெண்டர் நான் ஒருவன்தான்.

வீட்டுக்குக் கதை எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம். டீச்சரே வந்து என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி அன்று சிரிக்க ஆரம்பித்தவள். தோசை எண்ணினால் அந்தப் பேச்சு. பஸ்ஸில் டிக்கெட் எடுத்தால் அந்தப் பேச்சு. ரேஷனில் சர்க்கார் சின்னப் பிள்ளைகளை அரை ஆளாக எண்ணிய காலத்தில், சர்க்காரும் சாலைக் கம்போளத்தில் படித்ததுதான் என்றேன். எடுபடவில்லை.

போன மாதம் கடைசி மகளுடைய வீட்டுக்காரரின் தங்கைக்குக் கல்யாணம். வேன் பிடிக்க வேண்டும், எத்தனை பேர் என்று டிரைவர் வாசலில் நின்று கேட்டான். பெரியவர்கள் பத்துப் பேர். பேரப்பிள்ளைகள் ஆறு. மூத்த மருமகள் மட்டும் அப்பா கணக்கா, டீச்சர் கணக்கா என்று உள்ளிருந்து கேட்டாள். டிரைவருக்குப் புரியவில்லை. இளைய மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என் மனைவி சொன்னாள். "இஞ்சேருங்க, உங்க கணக்குல இவ வண்டியிலயே ஏறப்பிடாது. தள்ளுபடி."

என் கணக்கில் அவளைத் தள்ளிப் பெரியவர்கள் ஒன்பது, சிறுசு ஆறுக்கு மூன்று, ஆகப் பன்னிரண்டு. நான் டிரைவரிடம் அதைச் சொல்லவில்லை. விரல் விட்டு ஒவ்வொரு ஆளாக எண்ணினேன். சிறுசைத் தனித்தனியாக எண்ணினேன். இளைய மருமகள் வந்ததும் இரண்டு விரல் மடக்கினேன்.

பதினேழு.